ஐந்து நிமிட மயக்கம், ஒரு நாள் தள்ளாட்டம்

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், பழ ஈக்களை எண்ணுவது எப்படி என்று கேட்ட ஒரு வாசகருக்கு, "கரியமில வாயுவில் மயக்கி வெள்ளைத் தாளில் கொட்டி எண்ணுங்கள்" என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்பதை வந்த கடிதங்கள் காட்டுகின்றன. பினாங்கில் ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் 28 வருடம் உதவியாளராக வேலை செய்தவள் நான். கொசு, ஈ, கரப்பான் என்று என் கையால் மயக்கியவற்றுக்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட நான் இதை இரண்டு வரியில் முடித்தது தவறு. இந்த மாதப் பக்கம் முழுக்க இதற்கே.

கேள்வி: அக்கா, நான் முதுகலை ஆய்வு மாணவி. ஒரு மூலிகைச் சாறு பழ ஈயின் தசை வலுவைக் கூட்டுகிறதா என்று பார்க்கிறேன். ஈக்களைக் கண்ணாடிக் குழாயில் போட்டு ஒரு தட்டு தட்டினால் மேலே ஏறும். பத்து விநாடிக்குள் கோட்டைத் தாண்டியவை எத்தனை என்று எண்ணுவோம். ஆண், பெண் பிரிப்பதற்காகக் கரியமில வாயுவில் மயக்குகிறேன். அரை மணி நேரம் கழித்துச் சோதனை. சில நாள் நன்றாக ஏறுகின்றன, சில நாள் மூலிகை தின்றவையும் தின்னாதவையும் சேர்ந்தே அடியில் நிற்கின்றன. மயக்கத்தால் இருக்குமோ என்று கேட்டால், "கண் முன்னால் எழுந்து நடக்கிறதே, அப்புறம் என்ன?" என்கிறார்கள் சீனியர்கள்.
– ஆய்வு மாணவி, பந்தாய் டாலாம், கோலாலம்பூர்

பதில்: தங்கச்சி, உன் சந்தேகம் சரி. எழுந்து நடப்பது வேறு, தேறுவது வேறு. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்த ஆளை அன்று சாயங்காலமே கொடிமலைக்கு நடந்து ஏறச் சொல்வோமா? நீ அரை மணி நேரத்தில் உன் ஈக்களை அப்படித்தான் ஏறச் சொல்கிறாய்.

பூச்சி மூச்சு விடும் விதத்திலிருந்து வருகிறேன். தொல்லை தொடங்குவதே அங்கேதான். பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றிலிருந்து முடியைவிட மெல்லிய குழல்கள் கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு தசைக்கும் காற்றை நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தத் துளைகளுக்குக் கதவு உண்டு. உடம்பில் இருக்கிற கொஞ்சநஞ்சத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடக் கூடாது என்பதால், பூச்சி அந்தக் கதவைத் தேவைக்கு மட்டும்தான் திறக்கும். திற என்று சொல்லும் சைகை எது தெரியுமா? கரியமில வாயுவேதான். உள்ளே அது சேரச் சேரக் கதவு திறக்கும். இப்போது நீ ஈயைச் சுத்தமான கரியமில வாயுவுக்குள் வைக்கிறாய். எல்லாக் கதவும் திறந்தபடியே நிற்கும். சிலிண்டரிலிருந்து வருகிற வாயுவில் ஈரப்பசையே இருக்காது. நீ நுண்ணோக்கியில் குனிந்து ஆண், பெண் பார்க்கிற நேரமெல்லாம் ஈ காய்ந்துகொண்டிருக்கிறது.

உள்ளே போன வாயு சும்மா இருப்பதில்லை. பூச்சியின் உடல்நீரில் கரைந்து அமிலமாகிறது. சோடாத் தண்ணீர் நாக்கில் சுருக்கென்று பிடிப்பதும் இதே அமிலத்தால்தான். அதோடு நரம்புக்கும் தசைக்கும் நடுவே உள்ள பேச்சும் அறுந்துபோகிறது. நம் உடம்பில் தசையை அசைக்க நரம்பு அனுப்பும் பொருள் அசெட்டைல்கோலின். ஈக்கு அது குளுட்டமேட். 2005-ல் பழ ஈயின் புழுக்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், கரியமில வாயு சூழ்ந்திருக்கும்போது தசை அந்தக் குளுட்டமேட்டைக் கண்டுகொள்வதே இல்லை என்று காட்டினார்கள். புழுவின் இதயத் துடிப்பும் நின்றுபோனது. நாம் "தூங்குகிறது" என்று சொல்லும் நிலையில் பாதி, கைகால் விழுந்த நிலை. இது போதாதென்று, சுத்தமான கரியமில வாயுவில் ஆக்சிஜனும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு அடி.

எந்த அடி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நைட்ரஜன் உதவும். நைட்ரஜனில் வைத்தாலும் ஈ சாயும், ஆனால் ஆக்சிஜன் இல்லாத ஒரே காரணத்தால். 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, உன் சோதனையையேதான் செய்து பார்த்தது: மயக்கி எழுப்பிய பழ ஈக்களை ஏறவும் பறக்கவும் விட்டார்கள். சுத்தமான கரியமில வாயுவில் ஐந்தே நிமிடம் இருந்த ஈக்களுக்கு 24 மணி நேரம் வரை ஏறுவதில் குறை தெரிந்தது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் குறை நாள்கணக்கில் நீண்டது. பறப்பதும் பாதிக்கப்பட்டது. 65 விழுக்காட்டு வாயுவே அசைவைக் கெடுக்கப் போதுமாக இருந்தது. ஆக்சிஜன் இல்லாமை ஒரு பங்கு, கரியமில வாயுவே செய்யும் கெடுதல் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்ததுதான் இது என்பது அவர்கள் கண்ட முடிவு. அரை மணி நேரம் எங்கே, 24 மணி நேரம் எங்கே!

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பிறகுதான். முதலில் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1998 என்று நினைவு. குறைந்த அளவுப் பூச்சிமருந்து ஈயின் அசைவை எப்படி மாற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மருந்து படாத ஈக்களைக் காலையில் பிரித்து முடித்தேன். கை சுறுசுறுப்பாக இருந்தது, மூன்று நிமிடத்தில் வேலை ஆனது. மருந்து பட்டவற்றை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தேன். பாதி பிரிக்கும்போது மகளின் பள்ளியிலிருந்து போன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று. பேசிவிட்டு வந்தேன். வாயு ஓடிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் இருக்கும். ஈக்கள் எழுந்தன, நடந்தன, நானும் ஒன்றும் நினைக்கவில்லை. மறுநாள் சோதனையில் மருந்து பட்ட கூட்டம் பாதிகூட ஏறவில்லை. மருந்தின் விளைவு என்று எழுதியாயிற்று, எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த போன் நினைவு உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து வாய்விட்டுச் சொன்னேன். இரண்டு கூட்டத்தையும் ஒரே அளவு நேரம் மயக்கித் திரும்பச் செய்தோம். வித்தியாசம் காணாமல் போனது. அது மருந்து இல்லை, என்னுடைய வாயு. ஒரு மாத வேலை அது. ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பொய் அச்சில் ஏறியிருக்கும், வேறு யாரோ அதை நம்பி அதன்மேல் வேலை செய்திருப்பார்கள். இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் உனக்குச் சொல்கிறேன். ஆண், பெண் பிரிப்பதைச் சோதனை நாளில் வைத்துக்கொள்ளாதே. இரண்டு மூன்று நாள் முன்பே பிரித்து, நல்ல தீனியில் விட்டுவிடு. சோதனை அன்று ஈயை இடம் மாற்ற வாயு வேண்டாம். உறிஞ்சு குழலால் எடுத்துவிடு, அல்லது குப்பியோடு குப்பி வாய் சேர்த்துத் தட்டிவிடு. வாயு திறந்த நிமிடம், மூடிய நிமிடம் இரண்டையும் நோட்டில் எழுது. ஒரே தடவையில் நூறு ஈயைக் கொட்டினால் கடைசி ஈயின் கதி என்ன என்று யோசி. இருபது, முப்பதாகக் கொட்டினால் ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடும். மூலிகைக் கூட்டம் ஒன்று, மூலிகை இல்லாதது ஒன்று என்று மாற்றி மாற்றிப் பிரி. கை களைக்கும்போது களைப்பு இரண்டு பக்கமும் சமமாக விழட்டும். சிலிண்டரிலிருந்து வரும் குழாயைத் தண்ணீர் உள்ள போத்தல் வழியாக விட்டால் வாயு ஈரமாகும். ஈ காய்வது குறையும், ஈயைக் கொட்டிப் பிரிக்கும் வாயுப் பலகையில் மின்னேற்றத்தால் ஒட்டிக்கொள்வதும் குறையும். இதையெல்லாம்விட முக்கியம்: வாயுவே படாத ஒரு கூட்டத்தையும் கூடவே வைத்துக்கொள். அது இல்லாமல் உன் கையில் இருப்பது மூலிகையின் கதையா, வாயுவின் கதையா என்று உன்னால் பிரிக்கவே முடியாது.

இன்னொன்று. கன்னி ஈக்கள் வேண்டும் என்று கூட்டிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பெண்களைப் பொறுக்குவோம் இல்லையா, அப்போதுதான் ஈயின் உடம்பு மெத்தென்று, தோல் கூட நிறம் ஏறாமல் இருக்கும். வாயுவை அது தாங்கவே தாங்காது. அந்த வயதில் நீண்ட நேரம் மயக்கினால் ஆயுளும் முட்டையிடுவதும் குறையும். மயக்கியே ஆக வேண்டிய நேரமும் மயக்கக் கூடாத நேரமும் ஒன்றாக வந்து நிற்கிறது. அங்கேதான் கை வேகம் வேண்டும்.

எத்தனை கவனமாக இருந்தும் ஒரே ஒரு வம்சத்து ஈக்கள் மட்டும் மயக்கம் தெளியாமல் செத்துப்போனால், வாயுவை மட்டும் குறை சொல்லாதே. 1937-ல் பிரான்சில் லெரித்தியே, தெய்சியே என்ற இருவர் இப்படித்தான் கவனித்தார்கள்: மற்ற ஈக்கள் சாதாரணமாக எழுந்துவிடும் அதே வாயுவில் ஒரு கூட்டம் மட்டும் எழவே இல்லை. தாய் வழியும் தந்தை வழியும் பிள்ளைக்குப் போகிற ஒரு வைரஸ் காரணம் என்று பிறகு தெரிந்தது. சிக்மா வைரஸ் என்று பெயர், வெறிநாய்க்கடி வைரஸின் தூரத்துச் சொந்தம். வாயுவே படாமல் இருந்திருந்தால் அந்த ஈக்கள் நோயாளிகள் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

கேள்வி: அம்மா, எங்கள் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் விழாவுக்காக ஆறாம் ஆண்டு மாணவர்கள் பழ ஈ வளர்க்கிறார்கள். பழைய புத்தகம் ஒன்றில் ஈதர் பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கிறது. ஐஸ் போதும் என்கிறார் இன்னோர் ஆசிரியர். எது நல்லது?
– ஆசிரியர், நிபோங் திபால்

பதில்: சார், ஈதரைப் பள்ளிக்குள் கொண்டுவராதீர்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் 1910-ல் வெள்ளைக் கண் ஈயைக் கண்டுபிடித்த காலத்தில் ஆய்வுக்கூடங்களில் இருந்ததே ஈதர்தான். ஆனால் அது ஒரு சின்னப் பொறி போதும், பற்றிக்கொள்ளும். போத்தல் பழையதாகிவிட்டால் வெடிக்கிற பொருளும் அதற்குள் உருவாகும். ஈக்கும் நல்லதில்லை. அளவு கூடினால் இறக்கை இரண்டும் உடம்பை விட்டு விலகி நட்டுக்கொண்டு நிற்கும். அந்தக் கோலத்தைப் பார்த்தால் அந்த ஈ இனி எழாது என்று அர்த்தம். பள்ளிகளுக்கென்று டிரைஎத்தில்அமீன் கலந்த மயக்க மருந்தும் விற்கிறார்கள். அதுவும் தீப்பற்றும், கண்ணை எரிக்கும். பிள்ளைகள் கையில் வேண்டாம்.

ஐஸ் போதும். ஆனால் ஐஸும் ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடாதீர்கள். பூச்சியின் ஒவ்வொரு உயிரணுவிலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே வைத்திருக்கும் பம்பு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். குளிர்ந்தால் பம்பு மந்தமாகும். பொட்டாசியம் கசிந்து உடல்நீரில் ஏறும். நரம்பும் தசையும் வேலை நிறுத்தம் செய்யும், ஈ சாயும். திரும்பச் சூடானதும் கசிந்ததையெல்லாம் அது இறைத்து உள்ளே வைக்க வேண்டும், அதற்குச் சக்தி செலவாகும். குளிரில் கிடந்த நேரம் கூடக் கூட எழுகிற நேரமும் கூடும். ரொம்ப நேரம் கிடந்தால் எழுந்தும் சில ஈக்கள் காலை இழுத்து இழுத்து நடக்கும். நம் ஊர்ப் பூச்சிகள் குளிரே பார்க்காதவை, சட்டென்று விழும், சட்டென்று கெடவும் செய்யும்.

பினாங்கில் இதில் வேறு ஒரு தொல்லை உண்டு: ஈரக் காற்று. ஐஸ் தட்டின்மேல் கண்ணாடித் தட்டை வைத்த இரண்டாவது நிமிடம் அதில் பனி பூத்துத் தண்ணீர் நிற்கும். டிங்கி வேலைக்காக ஏடிஸ் கொசுக்களை ஐஸில் வைத்து எண்ணிய காலத்தில், குளிர் கொன்ற கொசுக்களைவிட அந்தத் தண்ணீரில் இறக்கை ஒட்டிச் செத்தவை அதிகம். கண்ணாடித் தட்டின்மேல் காய்ந்த வடிதாள் ஒன்றை விரித்து, நனைய நனைய மாற்றிக்கொண்டே இருந்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். குப்பியை ஐஸில் புதைத்து ஈக்கள் விழுந்ததும் தாளில் கொட்டி, நான்கைந்து நிமிடத்துக்குள் எண்ணி முடித்துவிடச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை கடிகாரம் பார்க்கட்டும்.

கேள்வி: என் மகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம். பூச்சிகளை மயக்கும் வாயுவோடுதான் நாள் முழுக்க வேலை. ஏர்கோன் அறை, சன்னலே கிடையாதாம். சாயங்காலம் தலைவலியோடு வருகிறாள். "பூச்சிக்குத்தான் அந்த வாயு, நமக்கு ஒன்றும் செய்யாது" என்கிறாள். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. கரியமில வாயு ஆளைப் பார்த்து வேலை செய்வதில்லை. 1824-லேயே இங்கிலாந்தில் ஹென்றி ஹில் ஹிக்மன் என்ற மருத்துவர், விலங்குகளுக்கு இதே வாயுவைக் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்ய முடியுமா என்று பார்த்திருக்கிறார். வெளிக் காற்றில் இது 0.04 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. அடைத்த அறையில் அளவு அதற்கு மேல் ஏறினால் தலைவலி, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் எல்லாம் வரும். காற்றைவிடக் கனமானது என்பதால் கீழே தங்கும். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருப்பவள் முகத்துக்கு நேரே தங்கும்.

மகளிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வேலை இல்லாத நேரத்தில் வாயு மூடியிருக்கிறதா? அழுத்தினால் மட்டும் வாயு வரும் மிதிகட்டை வைத்திருக்கிறார்களா? அறையில் இந்த வாயுவை அளக்கும் கருவி உண்டா? ஏர்கோன் உள் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது என்றால் அது காற்றோட்டம் ஆகாது. மேலதிகாரியிடம் இதை எழுத்தில் கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு. தலைவலிக்கு வேறு காரணமும் இருக்கலாம், டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள், என்ன வேலை செய்கிறாள் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். அந்த அறையில் சரியாகக் காற்று வாங்க முடியாத மனிதரால் பூச்சியையும் சரியாகக் கவனிக்க முடியாது.

கேள்வி: கரியமில வாயு கொசுவை இழுக்கும் என்று படித்தேன். நீங்கள் மயக்கும் என்கிறீர்கள். எது உண்மை?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: இரண்டும் உண்மை, அளவுதான் வேறு. நாம் விடும் மூச்சில் 4 விழுக்காடு அளவுக்கு இந்த வாயு உண்டு. அது காற்றில் கலந்து கொஞ்சமாக ஏறி இறங்குவதைக் கொசு மோப்பம் பிடித்து நம்மைத் தேடி வரும். இதே வாயு உறைந்த உலர்பனிக் கட்டியைக் கொசுப்பொறியில் தொங்கவிடுவதும் அதனால்தான். சுற்றிலும் அந்த வாயு மட்டுமே என்று ஆகும்போது விழுந்துவிடும். பழ ஈ இதற்கு நேர் எதிர், நடக்கும் இடத்தில் கொஞ்சம் வாயு வந்தாலே விலகி ஓடும். அதைப் பிடித்து அதே வாயுவுக்குள் போடுகிறோம். மயக்கம் வருவதற்கு முந்திய அந்தச் சில விநாடித் துடிப்பைப் பார்த்தவர்களுக்கு, அது ஓடப் பார்த்தது என்று தெரியும்.

கேள்வி: அக்கா, வீட்டுக்குப் பின்னால் கெலுலுட் என்ற கொட்டாத தேனீ கூடு கட்டிய மரக்கட்டை ஆறு வைத்திருக்கிறேன். இடம் மாற்ற வேண்டும். கரியமில வாயு விட்டு மயக்கினால் சிரமம் இல்லாமல் தூக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
– பாலிக் புலாவ் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. தேனீ விஷயத்தில் இந்த வாயு மயக்கத்தோடு நிற்பதில்லை, வாழ்க்கையையே திருப்பிவிடும். கொட்டும் தேனீக்களிடம் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். கூட்டுக்குள்ளேயே இருந்து புழுக்களுக்கு ஊட்ட வேண்டிய இளம் வேலைக்காரத் தேனீயை ஒரு முறை மயக்கினால், அது அந்த வேலையை விட்டுவிட்டு வயதுக்கு முன்பே வெளியே இரை தேடப் போய்விடுகிறது. போனாலும் மகரந்தம் குறைவாகத்தான் கொண்டுவருகிறது. இதை ரிப்பண்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1950-லேயே எழுதியிருக்கிறார். குழந்தை பார்க்கும் ஆளெல்லாம் ஒரே நாளில் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீடு என்ன ஆகும் என்று பாருங்கள்.

ராணியிடம் இன்னும் ஆச்சரியம். ஆணோடு சேராத கன்னி ராணித் தேனீயை இந்த வாயுவில் மயக்கினால் முட்டையிடத் தொடங்கிவிடுகிறது என்று மெக்கன்சன் 1947-ல் கண்டார். செயற்கையாகக் கருவூட்டும் இடங்களில் இன்றைக்கும் ராணிக்கு வாயு கொடுப்பது அசையாமல் இருக்க மட்டும் இல்லை, முட்டையைச் சீக்கிரம் வரவழைக்கவும்தான். குளிர் நாடுகளில் தக்காளித் தோட்டத்துக்காக வளர்க்கும் பம்பிள்பீ ராணிகளுக்கு, மாதக்கணக்கில் தூங்கிக் கழிக்க வேண்டிய குளிர்காலத்தையே வாயுவால் தாண்டவைத்துவிடுகிறார்கள். ஹார்மோன் வரைக்கும் கை வைக்கிற பொருள் இது. கரப்பானும் தப்பவில்லை. ஜெர்மன் கரப்பான் குஞ்சுகளைத் திரும்பத் திரும்ப மயக்கினால் வளர்ச்சி பின்தங்குகிறது என்று 1957-ல் எழுதியிருக்கிறார்கள். எங்கள் கூடத்தில் கரப்பான் வளர்த்தபோது எடை பார்க்க வாரம் ஒரு முறை மயக்குவது வழக்கமாக இருந்தது. அதைப் படித்த பிறகு, மூடியுள்ள சின்ன டப்பாவில் விட்டு, டப்பாவோடு எடை போட்டு, டப்பா எடையைக் கழிக்கத் தொடங்கினோம். கொஞ்சம் மெனக்கெட்டால் மயக்கமே தேவைப்படாத வேலைகள் நிறைய இருக்கின்றன.

உங்கள் வேலையும் அப்படிப்பட்டதுதான். இருட்டியபின், வெளியே போனவை எல்லாம் வீடு திரும்பியதும், வாசலை மெல்லிய வலையால் மூடுங்கள், காற்று போகட்டும். கட்டையைச் சாய்க்காமல் தூக்குங்கள், உள்ளே தேன் பானைகள் உடைந்தால் கூடே நாசமாகும். புது இடத்தில் வைத்து மறுநாள் விடியும் முன் வலையை எடுத்துவிடுங்கள். கெலுலுட்டுக்குக் கொடுக்கே கிடையாது, அதை எதற்கு மயக்க வேண்டும்?

கேள்வி: பாட்டி, மயங்கின ஈக்கு வலிக்குமா? நாங்கள் ஸ்கூலில் ஐஸில் வைக்கிறோம். டீச்சர் வலிக்காது என்று சொன்னார். நான் பார்த்தபோது கால் ஆடிக்கொண்டே இருந்தது.
– ஆறாம் ஆண்டு மாணவன், ஆயர் ஈத்தாம்

பதில்: கண்ணு, இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி உன்னுடையது. நீ காலைப் பார்த்தாயே, அது பெரிய விஷயம். நிறைய பேர் பார்ப்பதில்லை.

பழ ஈயின் புழுவைச் சூடான முனையால் தொட்டால் அது சும்மா நெளிவதில்லை, உருண்டு உருண்டு தப்பிக்கப் பார்க்கும். அப்படி உருளாத புழுக்களில் ஒரு மரபணு கெட்டிருந்தது. அந்த மரபணுவுக்கு 2003-ல் 'வலியற்றது' என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள். ஆகவே சுடுவது, குத்துவது போன்ற கெடுதலை ஈயின் உடம்பு உணர்கிறது. நீயும் நானும் "ஐயோ" என்று வருந்துவது போல உள்ளே வருத்தமும் இருக்கிறதா என்பதில் பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 2022-ல் வந்த விலங்கு நலச் சட்டத்தில் நண்டையும் ஆக்டோபஸையும் சேர்த்தார்கள், பூச்சியைச் சேர்க்கவில்லை.

ஐஸைப் பற்றி என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். அசையாமல் இருப்பதும் உணராமல் இருப்பதும் ஒன்றில்லை. குளிர், தசையை நிறுத்துகிறது. கால் இன்னும் ஆடினால், நரம்பில் ஏதோ இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். அதனால் ஐஸில் வைத்து எண்ணலாம், ஆனால் ஐஸில் இருக்கிற ஈயின் காலையோ இறக்கையையோ பிய்த்துப் பார்க்கக் கூடாது. யாராவது அப்படிச் செய்தால் வேண்டாம் என்று சொல். வலிக்கவில்லை என்று உறுதியாகத் தெரியாத இடத்தில், வலிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நான் அத்தனை வருடமும் வேலை செய்தேன்.

கால் ஆட்டம் நிற்கும் வரை காத்திரு, பிறகு தாளில் கொட்டு, சின்ன பிரஷால் மட்டும் தள்ளு. எண்ணி முடித்ததும் திரும்பக் குப்பியில் போடும்போது குப்பியை நிமிர்த்தி வைக்காதே, படுக்க வை. நிமிர்ந்திருந்தால் மயங்கின ஈ அடியில் உள்ள தீனிக்கூழில் விழுந்து, எழும்போது இறக்கை ஒட்டிக்கொள்ளும். எல்லாம் எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு நிமிர்த்து.